நான் சொல்லாத உதாரணம்

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. சாத்தூர்ல இருந்தா வாரீங்க, இந்த வெயில்லயா? யாரைப் பத்தி விசாரிக்கணும்? ஜோதிமீனாவா? எந்த ஜோதிமீனா, பொருளாதாரம் மூணாம் வருஷம் முடிச்ச பிள்ளையா? அவங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறாரே, அந்தப் பிள்ளையா? ஓஹோ.

நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா. சரி சரி. பொண்ணு பாத்தாச்சு, ஜாதகமும் பொருந்தியாச்சு, பாடம் சொல்லிக்குடுத்தவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா வர்ற முகூர்த்தத்துல தட்டு மாத்திரலாம், அப்படித்தானே? நல்ல வழக்கந்தான். பக்கத்து வீட்டுல கேட்டா யாரு வாயத் திறப்பா? இருக்கிற உறவு கெட்டுப்போயிரும்னு எல்லாரும் நல்ல பிள்ளைன்னுதான் சொல்லுவாங்க. ஆனா நான் மறைச்சுப் பேசுற ஆளு இல்ல. என் சொல்லுலதான் முடிவுன்னா முழுசாக் கேட்டுட்டுத்தான் போகணும் நீங்க. காப்பி போடுறேன். சீனி வேண்டாமா? எத்தனை வருஷமா? எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. சரி, சீனி இல்லாமலே போடுறேன்.

பிள்ளை எப்படின்னு ஒரு வார்த்தையில கேக்குறீங்க. ஒரு வார்த்தையில சொல்ற பிள்ளையா அவ.

என்னைப் பத்தி முதல்ல சொல்லணும். அப்பத்தான் அவ செஞ்சது உங்களுக்கு விளங்கும். முப்பது வருஷத்துக்குப் பக்கமா இதே காலேஜ்ல தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். கோயில்பட்டியில இந்திராணி மேம்னா யாரை வேணும்னாலும் கேளுங்க. புஸ்தகத்துல ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ன்னு போட்டிருக்கும். படிச்சவுடனே பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துரும். நான் என்ன செய்வேன், ஒரு பாக்கெட் கடலைமிட்டாய வாங்கிட்டுப் போவேன். ஒரு பிள்ளைய எழுப்பி, தின்னும்மாம்பேன். முதல் துண்டு அப்படி ருசிக்கும். ரெண்டாவதும் ருசிக்கும். நாலாவது துண்டுல முகத்தைச் சுளிக்கும். அஞ்சாவது குடுத்தா ‘வேண்டாம் மேம்’னு கும்பிடும். அவ்வளவுதாம்மா விதி, எழுதிக்கோம்பேன். பிள்ளை குட்டி பெத்து பேரன் எடுத்தவளுக கூட கடைவீதியில என்னைப் பாத்தா ‘மேம், கடலைமிட்டாய்’ம்பா. அதுதாண்ணாச்சி என் சொத்து. உதாரணம். புஸ்தகத்துல இல்லாதது, என் தலையில இருந்து வந்தது.

அப்படி இருக்கையில இந்த ஏஐ வந்து சேந்துச்சு. உங்க வீட்டுல பிள்ளைக இருக்கா? அப்பன்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். போன்ல கேள்வியத் தட்டுனா அது பாட்டுக்குக் கட்டுரை எழுதித் தள்ளிரும். போன வருஷம் அசைன்மென்ட் வாங்கிப் பாக்கிறேன், அத்தனையும் ஒரே மழமழப்பு. சுருக்கமாகக் கூறின், முடிவாகக் கூறின்னு எல்லாம் ஒரே அச்சு. ஒருத்தி ‘நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை இதோ’ங்கிறதையும் சேத்துத் தன் கையெழுத்துல எழுதி வச்சிருக்கா. எனக்குச் சிரிக்கவா அழுகவான்னு தெரியல. எழுந்திரிம்மான்னேன். உன் தலையில உதிக்காததை உன் பேரைப் போட்டு நீட்டுறியே, இதுக்கு என்ன பேருன்னு கேட்டேன். வகுப்பு பூராவும் கேக்க நானே சொன்னேன், திருட்டு. முட்டை போட்டேன். அழுதா. அழட்டும்னு விட்டுட்டேன். இதுல எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

ஜோதிமீனா அப்படிச் செய்யல. அதையும் சொல்லிறணும்ல. முதல் பெஞ்சுல உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் பெருமூச்சு விட்டா அதைக்கூடக் குறிச்சுக்குவாளோன்னு இருக்கும். சந்தேகம்னு ஒரு நாளும் கை தூக்குனது இல்ல. சந்தேகமே வராத அளவுக்கு நான் நடத்துறேன்னு எனக்கும் பெருமை. நல்ல நாள் பொழுதுக்கு இங்க வருவா. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில உக்காந்து என் கையால சாப்பிட்டவ. எனக்குப் பொம்பளப் பிள்ளை இல்ல அண்ணாச்சி. இருக்கிற ஒருத்தன் ஓசூர்ல இருக்கான், பொங்கலுக்கு வாரான், போறான். அதனால இவ மேல கொஞ்சம் கூடுதலாவே வச்சுட்டேன்.

சரி. ஒரு இன்டர்னல் பரீட்சை வச்சேன். பேப்பர் திருத்துறேன். தேவை நெகிழ்ச்சின்னு ஒரு கேள்வி. விலை ஏறுனா ஜனங்க வாங்குறதைக் குறைக்காங்களா இல்லையா, அவ்வளவுதான் விஷயம். முதல் பேப்பர்ல ஒரு பிள்ளை எழுதியிருக்கு: ‘உப்பு விலை ஏறினால் அழுதுகொண்டே வாங்குவோம். கடலைமிட்டாய் விலை ஏறினால் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடுவோம். அழுதுகொண்டே வாங்குவது நெகிழ்ச்சியற்ற தேவை, சிரித்துவிட்டு வருவது நெகிழ்ச்சியுள்ள தேவை.’ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அடுத்த பேப்பர், அதே உப்பு. அதுக்கடுத்ததும் உப்பு. வகுப்பு பூரா உப்பு.

நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. வகுப்பே ஒரே உதாரணத்தை எழுதியிருந்தா அது வாத்தியார் சொன்னதாத்தானே இருக்கும். கடலைமிட்டாய் வேற இருக்கு. நாந்தான் சொல்லியிருக்கேன். எப்பச் சொன்னேன்னு ஞாபகம் இல்ல. தினமும் தொண்டை வத்தக் கத்துறவளுக்கு எல்லாமா ஞாபகம் இருக்கும்? ஏதோ ஒரு நல்ல நேரத்துல வாயில வந்திருக்குன்னு நினைச்சேன். பேப்பரைக் குடுக்கும்போது, என் உதாரணத்தை எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்கன்னு சொல்லி எல்லாருக்கும் முழு மார்க் போட்டேன். பிள்ளைக ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டுதுக. சந்தோஷத்துல பாத்துக்கிடுதுகன்னு இருந்துட்டேன்.

அதோட போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. எங்க காலேஜ்ல ஒரு கருத்தரங்கு வச்சாங்க. தலைப்பு என்ன தெரியுமா, ‘வகுப்பறையில் செயற்கை நுண்ணறிவு’. நாலு ஜில்லாவுல இருந்து பேராசிரியர்க வந்திருந்தாங்க. வந்தவுகள்ல பாதிப் பேரு ஏஐ நல்லது, ஏஐ வேணும்னு படம் போட்டுக் காட்டிட்டுப் போனாங்க. எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேணும்ல, பிரின்சிபால் அம்மா என்னை ஏத்திவிட்டாங்க. நாற்காலி காலியாத் தெரியக் கூடாதுன்னு எங்க பிள்ளைகளைத்தான் கொண்டுபோய் உக்கார வச்சிருந்தாங்க. கருத்தரங்குன்னா அதுதான் வழக்கம். ஜோதிமீனா முதல் வரிசை.

நான் மேடையில ஏறி கேட்டேன். உங்க மெஷின் உப்பு வாங்கியிருக்கா? மாசக் கடைசியில கடைக்காரர்கிட்ட நின்னு முழிச்சிருக்கா? வாழ்ந்தவ வாயில இருந்துதான் உதாரணம் வரும், இந்தா பாருங்கன்னு அந்த உப்பைச் சொன்னேன். அழுதுக்கிட்டே வாங்குறது, சிரிச்சுட்டு வந்துர்றது. இதை ஒரு மெஷின் சொல்லுமான்னு கேட்டேன். கைதட்டல் நிக்க நேரமாச்சு அண்ணாச்சி. மதுரையில இருந்து வந்த ஒரு பேராசிரியர் எந்திரிச்சு நின்னு தட்டுனார். நான் ஜோதிமீனாவைப் பாத்தேன். தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா. நம்ம பேச்சைக் கேட்டுக் கண்ணு கலங்கிருச்சு பிள்ளைக்குன்னு நினைச்சு அந்த உப்பை இன்னொரு தடவை சொன்னேன்.

மறுநாள் ஒரு கம்பெனியப் பாக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வேன்ல போறேன். பின்னால இருந்து ஒருத்தி, சூதுவாது தெரியாதது, சாதாரணமாக் கேக்குது. ‘மேம், நேத்து அந்த உப்பு சொன்னீங்கல்ல, அது நீங்க வகுப்புல சொன்னதே இல்ல மேம். ஜோதிமீனா செஞ்சு குடுத்துச்சுல்ல ஒரு ஏஐ, அது சொன்னது.’ டிரைவர் பாட்டை நிப்பாட்டிட்டார்.

கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? காப்பியக் குடிங்க, ஆறுது.

என்ன செஞ்சிருக்கா தெரியுமா. நான் வகுப்பெடுக்கிறதை எல்லாம் போன்ல பதிஞ்சிருக்கா. வருஷம் பூராவும். அதை எழுத்தாக்கி, அந்த ஏஐக்குள்ள கொண்டுபோய்க் கொட்டி, இந்த மேம் மாதிரியே பதில் சொல்லுன்னு பழக்கியிருக்கா. அது என்னை மாதிரியே சொல்லுது. வகுப்புல எல்லாருக்கும் அதை வாட்ஸ்அப்புல அனுப்பி வச்சிருக்கா. நான் போர்டுக்கு முன்னாடி நின்னு கத்திக்கிட்டு இருக்கேன், பிள்ளைக தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய் அதுகிட்டச் சந்தேகம் கேட்டிருக்குதுக. வளர்த்த கடா மார்ல பாயும்பாங்களே, அப்ப வலிச்ச வலி இப்பவும் இங்க இருக்கு.

நான் விடுவேனா. பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். அனுமதி இல்லாமப் பதிவு செஞ்சது குத்தம், ஆசிரியரை ஏளனம் செஞ்சது குத்தம்னு. விசாரணை வச்சாங்க. பிரின்சிபால் அம்மா அவ போனை வாங்கி, பணவீக்கம்னா என்னன்னு அதுல கேட்டுட்டு, வந்ததைச் சத்தமா வாசிக்கிறாங்க. ‘ஏ பிள்ள, இங்க பாரு’ன்னு ஆரம்பிக்குது. என் ஆரம்பம். அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கல. வாயப் பொத்திக்கிட்டு ‘இந்திராணி, அப்படியே நீங்கதான்’ங்கிறாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

ஏண்டி இப்படிச் செஞ்சன்னு கேட்டேன். அவ சொல்றா, ‘உங்ககிட்டக் கேக்கப் பயம் மேம். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டா, நேத்துத் தொண்டை கிழியக் கத்துனேனே அப்ப எங்க போயிருந்தன்னு கேப்பீங்க. ஆனா நீங்க சொன்னாத்தான் எங்களுக்குப் புரியுது, புஸ்தகம் புரியல. அதான் உங்களை மாதிரியே, பத்து தடவை கேட்டாலும் கோவப்படாம சொல்ற மாதிரி செஞ்சேன். மேம் இப்படிச் சொல்ல மாட்டாங்க, இப்படித்தான் சொல்லுவாங்கன்னு சனி ஞாயிறெல்லாம் உக்காந்து திருத்தினேன். திட்டுறதை மட்டும் எடுத்துட்டேன் மேம்’. இதைப் பிரின்சிபாலை வச்சுக்கிட்டு என் முகத்துக்கு நேரா சொல்றா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. நான் திட்டுறேனாம். நான் எங்க திட்டுறேன், கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், அவ்வளவுதானே.

உப்பு என்னது இல்லைன்னு பேப்பர் குடுத்த அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னடின்னு கேட்டேன். அதுக்கு, ‘அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க மேம். வகுப்புல நீங்க சிரிச்சு நாங்க பாத்ததே இல்ல. அதைக் கெடுக்க மனசு வரல’ங்கிறா. இரக்கப்பட்டாளாம். நாலு ஜில்லாப் பேராசிரியர்க முன்னால மெஷின் சொன்னதை என் பேர்ல சொல்ல விட்டுட்டு, இரக்கமாம். அந்த மதுரைக்காரர் இன்னும் போன் போட்டுப் பாராட்டுறார். நான் என்னத்தைச் சொல்ல, நன்றி சார்னு வச்சுர்றேன்.

என்ன பாக்குறீங்க? நான் முட்டை போட்ட அந்தப் பிள்ளையும் இதைத்தானே செஞ்சுதுன்னு கேக்குறீங்களா? நல்லாருக்கே நீங்க கேக்குறது. அவ தெரிஞ்சு செஞ்சா. எனக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சதுக்கும் தெரிஞ்சு செஞ்சதுக்கும் வித்தியாசம் இல்லையா?

கடைசியில அதை அழிக்கச் சொன்னாங்க. என் கண்ணு முன்னாலயே அழிச்சா. மறு வாரம் நான் வகுப்புக்குள்ள போறேன், வாசல்ல நிக்கிறது தெரியாம ரெண்டு பிள்ளைக பேசுதுக, ‘மேம் இல்லாமக் கஷ்டமா இருக்குல்ல’ன்னு. நான் இங்க நிக்கிறேன் அண்ணாச்சி, சாக்பீஸும் கையுமா. அதுக தேடுனது என்னை இல்ல. பாடம் எடுக்காம திரும்பி வந்து ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னது இல்ல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னே தெரியல.

அவங்கப்பாவைக் கூப்பிட்டுவிட்டேன். ஆமா, நாந்தான் கூப்பிடச் சொன்னேன், கண்டிக்கணும்ல. மனுஷன் பிரின்சிபால் ரூம்ல நாற்காலியிலகூட உக்காரல. கையக் கட்டிக்கிட்டு நின்னார். பதிவு, போன், வாட்ஸ்அப்புன்னு பிரின்சிபால் அம்மா சொல்லச் சொல்ல அவருக்கு வேற ஏதோ பயம் வந்துருச்சு. பொம்பளப் பிள்ளை போன்னு சொன்னாலே பெத்தவன் காதல் கீதல்னுதானே நினைப்பான். போதும்மா இவ படிச்சது, பரீட்சை முடியவும் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துர்றேன்னார். அப்படித்தான் உங்க வீடு வரைக்கும் வந்திருக்கு. நானா கல்யாணம் பண்ணச் சொன்னேன்? கண்டிங்கன்னுதான் சொன்னேன். அவர் அப்படி எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ண.

அவளுக்கு எம்.ஏ.வுக்கு மெட்ராஸ்ல இடம் கிடைச்சிருக்காம். பணம்கூடக் கட்ட வேண்டாமாம், அவ மார்க்குக்கு ஹாஸ்டலோட குடுக்காங்களாம். காலேஜ் ஆபீஸ்ல சொல்லித்தான் எனக்கே தெரியும். டி.சி. வாங்க வந்தவ என் ரூம் வாசல் வழியாத்தான் போனா. எட்டிக்கூடப் பாக்கல. மேம், எனக்கு இடம் கிடைச்சிருக்குன்னு ஒரு வார்த்தை? எங்கப்பா விட மாட்டேங்கிறார், நீங்க வந்து சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை? இந்த வீட்டுச் சோத்தைத் தின்னவதானே. இப்படிப்பட்ட நெஞ்சழுத்தக்காரி உங்க வீட்டுக்கு வந்து என்ன குடும்பம் பண்ணுவா, நீங்களே யோசிச்சுக்கோங்க. மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வெளிய தலையாட்டுற பிள்ளை. நாளைக்கு மாமியாருன்னு பாக்காம உங்க தங்கச்சியவே பதிஞ்சு வச்சாலும் வச்சிருவா.

அது சரி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். என் வீடு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு? அவங்கப்பா சொன்னாரா? அந்த மனுஷன் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரே.

யாரு? பொண்ணே சொன்னாளா?

பொண்ணு பாக்கப் போன இடத்துலயா? எல்லாரும் உக்காந்திருக்கும்போதா? என்னன்னு சொன்னா, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. ‘எங்க இந்திராணி மேம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அவங்க எதையும் மறைக்க மாட்டாங்க, அவங்க சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்.’ அப்படியா சொன்னா. விலாசமும் அவளே சொன்னாளா. இந்தக் காலத்துல இப்படி ஒரு குருபக்தியான்னு உங்க தங்கச்சி பூரிச்சுப் போனாங்களாக்கும்.

இருங்க அண்ணாச்சி. கொஞ்சம் பேசாம இருங்க.

குருபக்தி இல்ல அண்ணாச்சி இது. அவ அப்பாகிட்ட மாட்டேன்னு சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. உங்க முன்னாடியும் சொல்ல முடியாது. அவளைப் பத்தி யாராவது வந்து கேட்டா நான் எங்க இருந்து ஆரம்பிப்பேன், எந்த இடத்துல குரல் உசரும், கடைசியில என்ன சொல்லி முடிப்பேன்னு அவளுக்கு மனப்பாடம். மூணு வருஷம் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தவளாச்சே. நீங்க வந்து கேப்பீங்க, இந்தக் கிழவி கொட்டித் தீப்பா, நீங்க பயந்துபோய்ப் பஸ் ஏறிருவீங்கன்னு கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருக்கா. நானும் ஒண்ணு விடாமப் பேசிட்டேன். உங்க தங்கச்சியப் பதிஞ்சு வைப்பாங்கிறது வரைக்கும் பேசிட்டேன்.

வயிறு எரியுதுண்ணாச்சி. அன்னைக்காவது மெஷினை என் மாதிரி பேச வச்சா. இன்னைக்கு என்னையவே பேச வச்சுட்டா. என்கிட்ட நேர்ல வந்து, மேம், எனக்கு இது வேண்டாம், நான் படிக்கணும்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? அவ்வளவு பயமா என்னைப் பாத்து?

இப்ப நான், தங்கமான பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன்னா அவ போட்ட கணக்கு பூராத் தப்பாப் போயிரும். சொல்லிரலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. அது பொய்யும் இல்ல. தங்கமான பிள்ளைதான். அப்படி உக்காந்து திருத்தியிருக்கா, அதுக்கு எவ்வளவு பொறுமை வேணும். என் வகுப்பை அந்த மாதிரி கேட்டவ இந்த முப்பது வருஷத்துல ஒருத்தி கிடையாது.

எந்திரிச்சுட்டீங்களா. இருங்க, முடிவு கேக்காமப் போகக் கூடாது.

பத்து தடவை கேட்டாலும் அந்த மெஷின் பதில் சொல்லுமாம்ல. சொல்லட்டும். அவ அப்பாகிட்டப் போய்ப் பேசுமா அது? நீங்களும் உங்க தங்கச்சியும் தப்பா நினைக்க வேண்டாம், உங்க பையனுக்கு வேற நல்ல இடமா அமையும். இவ்வளவு நேரம் நான் பேசினதை எல்லாம் இங்கயே விட்டுட்டுப் போங்க, அதெல்லாம் அவ பேச வச்சது. இதை மட்டும் கொண்டுபோய்ச் சொல்லுங்க. இந்தப் பிள்ளைக்கு இப்பக் கல்யாணம் கிடையாது. மெட்ராஸுக்குப் படிக்கப் போறா. அவங்கப்பா என்ன சொன்னாலும், நாளைக்கு நானே தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல போய் நின்னு பேசுவேன், அவர் கையக் கட்டிக்கிட்டு நின்ன மாதிரி நானும் நிக்கிறேன். மேம் மன்னிச்சுட்டாங்கன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க, நான் மன்னிக்கல. யாரு சொன்னான்னு கேட்டா இந்திராணி மேம்னு சொல்லுங்க. இதை நாந்தான் சொன்னேன்.